வளைத்துக் கட்டிய செடிகள்

ஏற்காட்டில் குளிர் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருக்காது. மேட்டில் நிற்கிறவர் தாங்கிக்கொள்கிற குளிரை, கொஞ்சம் கீழே பள்ளத்தில் நிற்கிறவரால் தாங்க முடியாது. நான் வேலை பார்த்த எஸ்டேட்டில் துரையின் பங்களாவுக்கு நேர் கீழே அப்படி ஒரு பள்ளம் இருந்தது. பொழுது சாய்ந்ததும் சுற்றியிருந்த காப்பிச் சரிவுகளிலிருந்து குளிர் தண்ணீரைப் போல இறங்கி வந்து அங்கே தேங்கிவிடும். மார்கழியில் சில காலைகளில் அந்தப் பள்ளத்துப் புல் மட்டும் உப்புத் தூவியது போல் வெளுத்துக் கிடக்கும். மேலே பங்களாப் படிக்கட்டில் ஒன்றும் இருக்காது.

அந்தப் பள்ளத்தில்தான் துரைக்கு ஆரஞ்சு வேண்டியிருந்தது. மேட்டுச் சரிவில், காப்பிக்கு நடுவே, நல்ல ஆரஞ்சு மரங்கள் இருக்கத்தான் செய்தன. ஆனால் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் கண்ணில் படுவது பள்ளம். பழம் தொங்குவதை அங்கிருந்தே பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை.

எனக்கு முன்னால் அங்கே தோட்டக்காரராக இருந்தவர் ஆரஞ்சும் எலுமிச்சையும் நட்டுப் பார்த்தார். சாக்குப் போட்டு மூடினார். ஈரத் தழையைக் கொளுத்திப் புகை போட்டார். ஒவ்வொரு மார்கழியிலும் செடிகள் வெந்நீர் ஊற்றியது போல் கருகின. கடைசியில் ஒரு தை மாதக் காலையில் எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் வந்து அவரை வீட்டைக் காலி செய்யச் சொன்னார். அவருடைய அம்மிக்கல்லை பஸ் நிற்கும் இடம் வரை தூக்கிக்கொண்டு போனவன் நான்தான். அவர் மனைவி கோழியைக் கூடையில் போட்டு மூடிக்கொண்டு பின்னால் வந்தாள். பனியில் முன்னால் போகிறவர் முதுகு தெரியவில்லை. கோழி கத்துகிற சத்தத்தை வைத்துத்தான் அவள் வருகிறாள் என்று தெரிந்துகொண்டேன்.

மறுநாள் அந்த வேலையும், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைனில் அவர் இருந்த வீடும் எனக்கு வந்தன. அடுப்பில் அவர்களுடைய சாம்பல் அள்ளாமல் கிடந்தது. என் மனைவி அதை அள்ளிக் கொட்டும்போது, "இத நாமளும் ஒரு நாளைக்கு உட்டுட்டுப் போவமுங்களா?" என்று கேட்டாள். நான் கூச்சக்காரன். யாராவது ஏதாவது கேட்டால், பதில் என் வயிற்றிலிருந்து கிளம்பித் தொண்டைக்கு வருவதற்குள் அவர்கள் போய்விடுவார்கள். மனைவியிடமும் அப்படித்தான்.

அதற்குள் எங்களுக்கு இரண்டு குழந்தைகள் போயிருந்தன. முதலாவது வயிற்றிலேயே அடங்கிவிட்டது. இரண்டாவதற்குப் பெயர் வைக்கிற நாள்கூட வரவில்லை. இரண்டையும் கையில் வாங்கியவள் எங்கள் லைனிலேயே இருந்த மருத்துவச்சி அக்கா. மற்ற நாளெல்லாம் காப்பிப் பழம் பறிப்பாள். எந்த வீட்டில் வலி வந்தாலும் கூடையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். எந்தக் கங்காணியும் அதைக் கேட்கமாட்டான், ஏனென்றால் அவன் பிள்ளைகளையும் அவள்தான் வாங்கியிருப்பாள். வாய் நிறைய வெற்றிலை, வாய் நிறையப் பேச்சு. எங்கள் இரண்டாவது குழந்தையைப் புதைத்த அன்று மட்டும் அவள் பேசவில்லை.

நான் பொறுப்பேற்ற வருடம் ஆவணியில் அந்தச் செடிகள் வந்தன. கப்பலில் வந்து, ரயிலில் வந்து, சேலத்திலிருந்து பஸ்ஸின் தலையில் ஏறி வந்தன. சீனாவிலிருந்து என்று ரைட்டர் ஒரு தடவை சொன்னார், ஜப்பானிலிருந்து என்று இன்னொரு தடவை சொன்னார். பெட்டியை உடைத்து, ஈரப்பாசி சுற்றிய செடிகளை நான் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். முழ உயரம்கூட இல்லை. பச்சைத் தண்டு, விரல் நீள முள், ஒவ்வொரு காம்பிலும் மூன்று மூன்று இலை.

நான் கும்பிட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற ரைட்டர் செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளினார்.

"ஏப்பா, இது வில்வமாட்ட இருக்குதே!"

"ஆமாங்க."

"துரைக்குச் சிவபக்தி வந்துருச்சாட்ட இருக்குது. இனி பங்களாவுல சங்கு ஊதறதுதான் பாக்கி" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.

துரை சொன்னதை அவர்தான் எனக்குத் தமிழில் சொன்னார். இது ஆரஞ்சு இனத்துச் செடிதானாம். இதன் பழத்தைத் தின்ன முடியாதாம். ஆனால் எந்தக் குளிரும் இதை ஒன்றும் செய்யாதாம். இது வேர் பிடித்து விரல் கனம் வந்ததும், இதன் மேல் நம்ம ஆரஞ்சை ஒட்டுக் கட்ட வேண்டும். வேர் குளிர் தேசத்து வேர், தலை நம் ஊர்த் தலை. நான் தலையாட்டினேன். ரோஜாக் கொம்பில் துளிர் விடுகிற கண்ணை எடுத்து ஒட்டுக் கட்டிப் பழகியிருந்தேன், அதனால்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. ஆனால் அன்று என் மனதில் ஒட்டு நிற்கவில்லை. மூன்று இலைதான் நின்றது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவளுக்கு அந்த மாதம்தான் நாள் தள்ளியிருந்தது, எனக்குத் தெரியாது. ஐப்பசியில் மருத்துவச்சி அக்கா வந்து வயிற்றில் கை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"செடி வந்த மாசமும் இது வந்த மாசமும் ஒண்ணு. உன் ஊட்டுக்காரன் கையில சாமியே வந்து எறங்கியிருக்குது. இந்தத் தடவ உடமாட்டேன் கண்ணு. வாரா வாரம் திங்கக்கெழம எல போட்டுக் கும்புடு. ஆனா திங்கக்கெழம பறிக்கப்படாது. ஞாயித்துக்கெழமயே பறிச்சுத் தண்ணியில போட்டு வெச்சுக்கோணும்."

லைன் முனையில் ஒரு பலா மரம். அதன் அடியில் ஒரு கல். அந்தக் கல்தான் எங்கள் சிவன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் செடிகளின் அடியிலிருந்து, துரையின் கண்ணுக்குத் தெரியாத இலையாகப் பார்த்து, நாலைந்து கிள்ளிக்கொண்டு வந்து கொடுப்பேன். மற்ற வீட்டுப் பெண்களும் கேட்க ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு உதிர்ந்த இலைகள். பள்ளத்தைக் கடந்து போகிறவர்கள் தலைச்சுமையோடே ஒரு கையைத் தூக்கிக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ரைட்டர் பிரதோஷத்துக்கு ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டார்.

மார்கழி வந்தது. மற்ற செடிகளுக்குச் சாக்குப் போட்டேன், இவற்றுக்குப் போடக்கூடாது என்று உத்தரவு. ஒரு வாரத்தில் இலைகள் மஞ்சளாகின. அடுத்த வாரத்தில் எல்லாம் கொட்டிவிட்டன. முள்ளும் குச்சியும்தான் நின்றன. காலையில் பள்ளத்தில் இறங்கிய எனக்கு, பழைய தோட்டக்காரரின் அம்மிக்கல் மறுபடியும் தோளில் ஏறியது போல் இருந்தது.

ஆனால் அதைவிடப் பெரிய பயம் எனக்காக லைனில் காத்திருந்தது. மருத்துவச்சி அக்கா வந்து மேட்டில் நின்று பார்த்தாள். கீழே இறங்கவில்லை.

"யாரோ தீட்டோட தொட்டுருக்கறாளுங்க" என்றாள். என் மனைவி அன்றிலிருந்து நின்றாலும் உட்கார்ந்தாலும் ஒரு கையை வயிற்றிலேயே வைத்திருந்தாள். சோறு வடிக்கும்போதுகூட ஒரு கைதான். அசைகிறதா என்று பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று இருந்தது.

துரை மட்டும் செடிகளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். தூங்குகிறதாம். குளிர் தேசத்துச் செடி குளிரில் அப்படித்தான் தூங்குமாம். ரைட்டரும் அரை மனதாகத்தான் இதைச் சொன்னார். யாரும் இல்லாதபோது ஒரு தண்டை நகத்தால் மெல்லச் சுரண்டினேன். பட்டைக்கு அடியில் பச்சை இருந்தது. ஓடிப் போய் மனைவியிடம் சொன்னேன்.

"தூங்குதாம். உள்ளே பச்சை இருக்குது."

"தூங்கறதுக்கு மூச்சு வேணுமில்லைங்க? இதுக்கு எங்கிருந்து மூச்சு?" என்றாள்.

மாசியில் முள்ளின் பக்கத்திலெல்லாம் துளிர் வந்தது. அன்றுதான் அவள் இரண்டு கையாலும் சோறு வடித்தாள். லைனே வந்து பார்த்தது. சாமி திரும்பி வந்துவிட்டது என்றார்கள். சூடம் ஏற்றினார்கள். அந்தப் புகையைத் துரை எங்கே பார்த்துவிடுவாரோ என்று நான் மேட்டில் நின்று காவல் காத்தேன்.

சித்திரையில் காப்பி பூக்கிற மழை பெய்தது. மழை பெய்தால் தண்டில் பால் ஏறும், பட்டை சுலபமாகக் கழன்று வரும். ஒட்டுக் கட்ட அதுதான் சமயம். அது எனக்குத் தெரியும், துரைக்கும் தெரியும். ரைட்டர் வந்து உத்தரவைச் சொன்னார்: எல்லாச் செடியிலும் ஆரஞ்சுக் கண் வைத்துக் கட்டி, மேல் தலையை அறுத்துவிட வேண்டும்.

அன்று நான் வாயைத் திறந்தேன். "வில்வமுங்களே" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

ரைட்டர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியாதாப்பா? எனக்கும் புள்ளைகுட்டி இருக்குது. அதனாலதான் சொல்றது நானு, அறுக்கறது நீ. சொன்ன வாய்க்கு ஒண்ணும் வராது. கத்தி புடிச்ச கைக்குத்தான் எல்லாம்."

"துரைகிட்டச் சொல்லிப் பாக்கலாமுங்களா?"

"சொல்லு. நீயே போயி இங்கிலீஷ்ல சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை.

வீட்டுக்கு வருவதற்குள் சேதி லைனுக்குப் போய்விட்டிருந்தது. மருத்துவச்சி அக்கா என் வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். வெற்றிலை இல்லை.

"ஏப்பா, அறுக்கப் போறியா?"

நான் நின்றேன்.

"ரெண்டு புள்ளைய நான் இந்தக் கையில வாங்கி இந்தக் கையாலயே குழிக்கு எடுத்துக் குடுத்துருக்கறேன். மூணாவதுக்கு எனக்குத் தெம்பு இல்ல. ஆறு மாசமா இவ கும்புட்ட சாமிய நீ அறுத்துப் போட்டுட்டு வந்து, அக்கா வாங்க வலி வந்துருச்சுன்னு கூப்புட்டா நான் வரமாட்டேன். இப்பவே சொல்லிப்போட்டேன்."

அறுத்தால் பிரசவத்துக்கு ஆள் இல்லை. ஏற்கெனவே இரண்டு போன வயிறு. அறுக்காவிட்டால் வீடு இல்லை. நிறைமாதக்காரியைக் கூட்டிக்கொண்டு, அம்மியைத் தூக்கிக்கொண்டு மலை இறங்க வேண்டும். கீழே எங்களுக்கு யாரும் இல்லை, என் அப்பா காலத்திலேயே மேலே வந்துவிட்டோம். அந்த வாரம் முழுக்கக் கிளை நறுக்குகிற கவாத்துக் கத்தியைத் தீட்டுவது போல் பாவனை செய்துகொண்டே நாளைத் தள்ளினேன். ரைட்டர் கேட்டபோதெல்லாம், பால் இன்னும் ஏறவில்லை என்றேன். ஏறியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் குப்பனூர் வழியாக நடந்தே மலை இறங்கினேன். அடிவாரத்தில் ஒரு சிவன் கோயில். அங்கே பெரிய வில்வ மரம் ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். சிறுவயதில் பார்த்த மரத்தின் ஞாபகத்தை வைத்துக்கொண்டு இவ்வளவு பெரிய பயத்தைச் சுமக்கிறோமே, ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு வருவோம் என்று போனேன். உதிர்ந்து கிடந்த ஒரு கொத்தை எடுத்து, கூடக் கொண்டுபோயிருந்த எங்கள் செடியின் இலையை அதன் பக்கத்தில் வைத்தேன்.

மூன்று இலைதான். ஆனால் வில்வத்தில் நடு இலைக்குத் தனியாக நீளக் காம்பு இருந்தது. எங்கள் செடியில் மூன்றும் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தன. கீழே காம்பின் இரண்டு பக்கமும், நாரத்தை இலையில் இருக்குமே, அதுபோல மெல்லிய சிறகு. கசக்கி முகர்ந்தேன். நாரத்தை வாசனையேதான். கோயில் வாசலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினேன். பிறகு இரண்டு கொத்தையும் துண்டில் முடிந்துகொண்டு மலை ஏறினேன். வழியில் இரண்டு மூன்று முறை முடிச்சை அவிழ்த்து, மாறிவிடவில்லையே என்று பார்த்துக்கொண்டேன்.

மருத்துவச்சி அக்கா இரண்டையும் கையில் வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். முகர்ந்தாள். நடுக் காம்பை விரலால் தடவினாள். அவள் கையில் எதுவும் தப்பாது. நான் காட்டுவதற்கு முன்பே வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஆமா, இது அது இல்ல" என்றாள்.

எனக்கு உயிர் வந்தது.

"அதுக்கு?" என்றாள்.

"வில்வம் இல்லீங்கக்கா. நாரத்தை சாதி. அறுத்தா ஒண்ணும் ஆகாதுங்க."

"பலா மரத்தடியில கெடக்கறது என்ன? கல்லு. கரட்டுல கெடந்த கல்லு. இவ ஆறு மாசமா அதும் மேல எல போட்டுக் கேட்டுருக்கறா. அந்தக் கல்ல எடுத்து நீ துணி தொவைக்கப் போடுவியா? கெடந்தப்ப கல்லு, கும்புட்டப்பறம் சாமி. இதும் அப்பிடித்தான். வந்தப்ப எதுவா வேணா இருந்துருக்கட்டும்."

துண்டில் முடிந்து கொண்டுவந்தது எல்லாம் வெறும் தழையாகிவிட்டது. உள்ளுக்குள் நானும் அப்படித்தான் நினைத்தேன் என்பது அவள் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கோயில் வாசலில் இலையைக் கசக்கும்போதே, மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதானே கசக்கினேன்?

மறுநாள் பங்களா முன்னால் ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். நீளமாக ஓடிய ஒரு கொம்பை முந்தின மாதம் வளைத்து, மண்ணில் முளைக்குச்சி அடித்துக் கட்டியிருந்தேன். அப்படிக் கட்டினால் வளைவுக்குக் கீழே தூங்கிக்கொண்டிருக்கிற கண் எல்லாம் விழித்துக்கொள்ளும். வெட்டினாலும் அதே பலன்தான். வெட்டாமலே கிடைக்கும். தண்ணீர் வாளி என் காலில் வழிவதைக்கூடக் கவனிக்காமல் நின்றேன்.

மனைவியிடம் சொன்னேன். "தலய அறுக்கமாட்டேன். பட்டயக் கொஞ்சம் கீறி, ஆரஞ்சுக் கண்ண உள்ள வெச்சுக் கட்டுவேன். தலய வளச்சு முளையில கட்டுவேன். எல எல்லாம் அப்பிடியே இருக்கும்."

"கீறுனா நோவாதுங்களா?"

"காது குத்தற மாதிரி."

அவள் யோசித்தாள். "அக்காகிட்டயும் இதயே சொல்லுங்க. காது குத்தறதுன்னே சொல்லுங்க" என்றாள்.

மேட்டுச் சரிவு ஆரஞ்சிலிருந்து கண் எடுத்து, எல்லாச் செடியிலும் கட்டி, எல்லாத் தலையையும் வளைத்து முடித்தேன். ஒவ்வொரு கீறலுக்கும் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பார்க்க வந்த மருத்துவச்சி அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள். செடிகள் எல்லாம் தலையை மண்ணில் வைத்துக் குனிந்திருந்தன.

"அட பாவி மனுசா! இத்தன நாளா நாம சாமியக் கும்புட்டோம். நீ சாமியவே நம்மளக் கும்புட வெச்சுட்டியே!" என்று சொல்லிச் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வெற்றிலைப் பல் தெரிந்தது. "செரி, தல இருக்குதில்ல? நான் வர்றேன். ஆனா ஒரு தல போனாலும் பாத்துக்க."

அடுத்தது துரை. நாய் முன்னால் ஓடிவர, தடியை ஊன்றிக்கொண்டு பள்ளத்துக்கு இறங்கி வந்தார். வளைந்த செடிகளைப் பார்த்து நின்றார். தடியால் ஒன்றைத் தொட்டார். ரைட்டர் என் பக்கம் திரும்பினார். "ஏன் அறுக்கலைன்னு கேக்கறாரு."

கையில் இருந்த வாழைநாரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "ஊட்ல மாசமா இருக்குதுங்க. புள்ளை பொறந்ததும் அறுத்துப்போடறனுங்க. அதுவரைக்கும் வளச்சுக் கட்டுனாலும் ஒட்டுப் புடிக்குமுங்க. ரோஜாவுல புடிச்சுருக்குதுங்க."

அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. ரைட்டர் அதை இங்கிலீஷில் மிகவும் சின்னதாகச் சொன்னார். துரை என்னைப் பார்த்தார், ரோஜாப் பக்கம் பார்த்தார், ஏதோ சொல்லிவிட்டு மேலே ஏறிப் போய்விட்டார்.

"என்னங்க சொன்னாரு?"

"எப்பிடிக் கட்டுனாலும் செரி, ஒட்டுப் புடிச்சாப் போதுங்கறாரு. புடிக்கலீன்னா நீ மூட்டயக் கட்டோணும்."

ஒட்டுப் பிடித்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கண் எடுக்கும்போது அதன் இலையை வெட்டிவிட்டுக் காம்பை மட்டும் விட்டுவைப்போம். மூன்று வாரம் கழித்து அந்தக் காம்பை விரலால் தொட வேண்டும். தொட்டதும் உதிர்ந்தால் கண் உயிரோடு இருக்கிறது. சுருங்கி ஒட்டிக்கொண்டிருந்தால் செத்துவிட்டது. மூன்று வாரம் ஆன பிறகும் நான் தொடவில்லை. காலையில் போய்ச் செடிகளின் முன்னால் குந்தி உட்காருவேன், விரலை நீட்டுவேன், எடுத்துக்கொள்வேன்.

வைகாசியில், சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மலைச் சனம் எல்லாம் ஏறிப் போய்க்கொண்டிருந்த சமயம், ஒரு முற்பகலில் மனைவிக்கு வலி வந்தது. மருத்துவச்சி அக்கா சொன்னபடி வந்தாள். என்னை வாசலில் நிற்கவிடவில்லை. "ஆம்பள இங்க நின்னு என்னத்தக் கிழிக்கப்போற? போயி உன் செடியப் பாரு" என்று விரட்டினாள்.

பள்ளத்தில் போய் உட்கார்ந்தேன். எதிர்ச் சரிவில் எங்கள் லைனின் தகரக் கூரை தெரிந்தது. அவள் கத்துவது காற்று திரும்பும்போதெல்லாம் கேட்டது. மதியத்துக்கு மேல் வானம் கறுத்தது. காற்று வந்தது, பின்னாலேயே ஆலங்கட்டி மழை. நான் சாக்குகளைத் தூக்கிக்கொண்டு ஓடி ஒவ்வொரு செடியின் மேலும் போட்டேன். ஓரச் செடிக்கு மட்டும் எட்டவில்லை. அங்கே போவதற்குள் முளை பிடுங்கிக்கொண்டு, வளைந்திருந்த தண்டு காற்றில் விருட்டென்று நிமிர்ந்து, வளைவிலேயே ஒடிந்தது. தலை பட்டையில் தொங்கி, பிறகு அதுவும் அறுந்து என் கையில் வந்துவிட்டது.

ஒரு தல போனாலும் பாத்துக்க என்று அவள் சொன்னது காதிலேயே இருந்தது. நான் அறுக்கவில்லை. ஆனால் தலை போய்விட்டது. அந்த நேரத்தில், லைன் தகரத்தின் மேல் ஆலங்கட்டி கொட்டுகிற சத்தத்தில், என் மனைவியின் குரல் கேட்காமல் போயிற்று. நான் அந்த மூன்றிலைக் கொப்பை ஒடிந்த இடத்தில் வைத்து வாழைநாரால் சுற்றினேன். நிற்கவில்லை. மறுபடி சுற்றினேன். முள் கையெல்லாம் கிழித்தது. ஒட்டாது என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஒட்டுவதுதானே என் வேலை. ஆனாலும் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

மழை நின்றது. லைன் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதி எனக்குப் பழக்கமானது. இரண்டு தடவை அதை வாசலில் நின்று கேட்டிருக்கிறேன். கொப்பை, மழைக்குப் போட்டிருந்த கம்பளிக்குள் மறைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏப்பா! ஏய்! எங்க போயித் தொலஞ்ச?" மேட்டில் மருத்துவச்சி அக்கா நின்றுகொண்டிருந்தாள். சேலையை இடுப்பில் செருகியிருந்தாள். "பொட்டப்புள்ளை! லைனே அதிர்ற மாதிரிக் கத்தறா, உனக்குக் காது அடச்சுப்போச்சா?"

எனக்குக் கேட்கவே இல்லை. ஆலங்கட்டிச் சத்தம் காதுக்குள் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசலில் நிறுத்திய பிறகுதான் பிள்ளையின் அழுகை கேட்டது.

ஒட்டுகளில் இரண்டு தவிர எல்லாம் பிடித்தன. காம்பைத் தொட்டபோது உதிர்ந்தன. ரைட்டர் வந்து பார்த்து, துரைக்குத் திருப்தி என்றார். வீடு தப்பியது. ஆனால் தலைகளை அறுக்க வேண்டியிருந்தது. பிள்ளை பிறந்ததும் அறுக்கிறேன் என்று துரையிடம் சொன்னவன் நான். ஆனி பிறந்தும் நான் கத்தியை எடுக்கவில்லை. பிள்ளை பாலைக் கக்கினால், தும்மினால், கொஞ்சம் அதிகம் தூங்கினால், செடிகளைத்தான் நினைத்தேன்.

கடைசியில் மருத்துவச்சி அக்காவே ஒரு காலை வந்தாள். "வா" என்று என்னிடம் சொல்லிவிட்டு, என் மனைவியின் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். பள்ளத்தின் ஓரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் போட்டு, அதன் உச்சந்தலையைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"நான் புடிச்சுக்கிட்டிருக்கறேன். நீ அறு."

சூடம் ஏற்றினேன். முதல் செடியில் ஒட்டுக்கு மேலே கத்தியை வைத்தேன். அறுத்ததும் திரும்பிப் பார்த்தேன்.

"இருக்குது, இருக்குது. அடுத்தத அறு."

ஒவ்வொரு தலை விழுந்ததும் நான் திரும்பினேன். ஒவ்வொரு தடவையும் அவள், "இருக்குது" என்றாள். போகப் போக அவள் குரலும் சன்னமாகிக்கொண்டு வந்தது. பாதியில் பிள்ளை கொட்டாவி விட்டது. நாங்கள் இரண்டு பேரும் அது வாயை மூடும் வரை அசையாமல் காத்திருந்தோம்.

கடைசியாக ஓரச் செடிக்கு வந்தேன். கத்தியை மடக்கினேன்.

"ஏன், அத அறுக்கலியா?" என்றவள் எழுந்து கிட்டே வந்து பார்த்தாள். ஒடிந்த இடம் காய்ந்து கறுத்திருந்தது. என் வாழைநார்ச் சுற்று அதிலேயே இருந்தது. அதற்குக் கீழே ஆரஞ்சுக் கண் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாகத் துளிர்த்திருந்தது.

"இது எப்பப் போச்சு?"

"அன்னிக்குங்கக்கா. ஆலங்கட்டியில."

"அவ பொறக்கறதுக்கு முன்னாலயா, பொறகா?"

"முன்னாலீங்க."

அவள் ரொம்ப நேரம் அந்தச் செடியைப் பார்த்தாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துப் பிள்ளையின் தலையை மூடினாள்.

"இத உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லிப்போடாத" என்றாள். "நானும் கேக்கல, நீயும் சொல்லல."

பிள்ளையை என்னிடம் தரவில்லை. தானே தூக்கிக்கொண்டு, கால் எடுத்து வைக்கிற இடத்தையெல்லாம் பார்த்துப் பார்த்து மேடு ஏறினாள். நான் விழுந்து கிடந்த தலைகளைப் பொறுக்கி, ஒன்றுகூடக் காலில் படாமல், பலா மரத்தடிக்குக் கொண்டுபோனேன்.